எதிர்வீட்டு மாமியும் நாக்பூரில் இருந்த என் கணவரும்

செம்பூரில் தனியாக இருக்கும் பெண்கள் பலர் வாசலில் ஒரு ஜோடி ஆம்பளைச் செருப்பு வைத்திருப்பார்கள். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. கூரியர்க்காரன், கேஸ்காரன், சந்தா கேட்டு வருகிறவன் எல்லோரும் உள்ளே ஓர் ஆள் இருக்கிறான் என்று நினைத்துக்கொள்ளட்டும், அவ்வளவுதான். நான் வைத்திருந்தது ஷூ. கறுப்பு லெதர், ஒன்பதாம் நம்பர். ஞாயிற்றுக்கிழமை தோறும் தூசி தட்டி, ஒரு சாண் தள்ளி வைப்பேன். ஒரே இடத்தில் கிடந்தால் சந்தேகம் வருமே. அதைப் போட்டுக்கொண்டு நடந்தவர் போய்ப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

எங்கள் கட்டடம் நாலு மாடி. ஒரு காலத்தில் எட்டுத் தமிழ் வீடுகள் இருந்தன. ஒவ்வொருவராக விற்றுவிட்டு முலுண்டுக்கும் பன்வெல் பக்கமும் போய்ச் சேர்ந்தார்கள். கடைசியில் மிஞ்சியது நான் ஒருத்தி. மற்றவர்கள் சிந்திக்காரர்கள், குஜராத்திகள், கீழ்த்தளத்தில் ஒரு மராத்திக் குடும்பம். இவர்களில் நான் சண்டை போடாத ஆள் கிடையாது. தண்ணீர் மோட்டாருக்குச் சண்டை, லிஃப்ட் கதவைச் சாத்தாமல் போவதற்குச் சண்டை, மாடிப்படியில் எச்சில் துப்பியதற்குப் பெரிய சண்டை. எனக்குக் கோபம் மூக்கு நுனியில். 'மதராஸி ஆன்ட்டி வர்றா' என்றால் பிள்ளைகள் கிரிக்கெட் பேட்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்ளும். அதுவும் ஒரு மரியாதைதான் என்று வைத்துக்கொண்டிருந்தேன்.

கோட்டைப் பக்கம் ஓர் ஆபீஸில் முப்பத்துமூன்று வருஷம் குமாஸ்தாவாக இருந்து ரிட்டயர் ஆகியிருந்தேன். குழந்தை குட்டி இல்லை. ரிட்டயர் ஆனவளுக்கு மத்தியானம் இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை எத்தனை நீளம் என்று எந்தப் பாவியும் முன்னாலேயே சொல்லி வைக்கவில்லை. டிவி போட்டால் எரிச்சல். போடாவிட்டால் சுவர்க் கடிகாரம். ஒரு நாள் பால்காரனோடு வேண்டுமென்றே சண்டை இழுத்தேன், பேச்சு நீளட்டும் என்று. அவன் சண்டைக்கு வராமல், 'டீக் ஹை ஆன்ட்டி' என்று தலையாட்டிவிட்டுப் போய்விட்டான்.

அப்படிப்பட்ட ஒரு தை மாசத்தில்தான் எதிர் ஃபிளாட்டுக்கு ஆள் வந்தார்கள்.

காலை எட்டு மணி இருக்கும். உட்கார்ந்து ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தேன். பெல் அடித்தது. திறந்தால், குள்ளமாக, இரண்டு பக்கமும் மூக்குத்தி போட்ட ஒரு மாமி. எழுபது வயசுக்கு மேல் இருக்கும். தலை குளித்து ஈரத் துண்டு சுற்றியிருந்தாள்.

"தமிழ்தானேம்மா? வாசல்ல கோலம் ஒட்டியிருக்கேளே, அந்தத் தைரியத்துல அடிச்சேன். பால் காய்ச்சணும், அடுப்புக்கு லைட்டர் கொண்டுவந்தது வேலை செய்யலை. நெருப்புப் பெட்டி இருக்குமா?"

எடுத்துக்கொண்டு வருவதற்குள் அவள் கண் ஷூவின் மேல் போய்விட்டது.

"ஆத்துக்காரர் ஆத்துலயா இருக்கார்? இன்னிக்கு லீவோ?"

இந்த இடத்தில் நான் உள்ளதைச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் உள்ளதைச் சொன்னால் என்ன நடக்கும் என்பது எனக்கு மனப்பாடம். முதலில் ஒரு 'உச்சு'. அடுத்து, கண் நெற்றிப் பொட்டுக்கு ஏறும். அடுத்து, அரை அடி பின்னால். அதிலும் இவள் புது வீட்டில் பால் காய்ச்ச நெருப்பு வாங்க வந்தவள். வாங்கவும் முடியாமல் வேண்டாம் என்று சொல்லவும் முடியாமல் அவள் முழிப்பதைப் பார்க்க எனக்குப் பொறுமை இல்லை. கையில் ஆரஞ்சுச் சுளை இருந்தது. வாயில் அந்தப் பழத்தின் ஊர்தான் வந்தது.

"நாக்பூர்ல இருக்கார் மாமி. அங்க வேலை."

"அடடா, பாவம்! தனியாவா? சாப்பாட்டுக்கு என்ன பண்றார்?"

"மெஸ்."

இப்படியாக என் கணவர் நாக்பூரில் மெஸ் சாப்பாடு சாப்பிட ஆரம்பித்தார்.

மாமா திருச்சியில் மின்சார ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். நெட்டையாக, கொஞ்சம் கூன் போட்டு நடப்பார். மாடிப்படியில் பகலில் விளக்கு எரிந்தால் அவருக்கு ஆகாது. நாலு மாடியும் ஏறி இறங்கி அணைத்துவிட்டு வருவார். பிள்ளைக்குப் பாந்த்ரா பக்கம் ஆபீஸ். 'பக்கத்திலேயே இருங்கோ' என்று சொல்லித் திருச்சி வீட்டை விற்கச் செய்து, இங்கே வாங்கிப் போட்டான். இவர்கள் வந்து மூன்றாம் மாசம் அவன் கம்பெனி அவனைச் சிங்கப்பூருக்கு அனுப்பியது. பெண்டாட்டி பிள்ளையோடு போய்விட்டான். ஊரையும் விட்டு, பிள்ளையும் போய், இந்தி ஒரு வார்த்தை தெரியாமல் இரண்டு பேரும் நாலாவது மாடியில் உட்கார்ந்திருந்தார்கள்.

"நாங்க அவனுக்காக வந்தோம். இப்போ அவனே இல்லாத ஊர்ல நாங்க யாருக்காக இருக்கோம்னு தெரியலை," என்று மாமி ஒரு நாள் கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள். அழவில்லை. கீரைத் தண்டை நறுக்கென்று ஒடித்தாள்.

அப்புறம் நான்தான் அவர்களுக்கு வாய். ஸ்டேஷன் மார்க்கெட்டில் நான்தான் பேரம். சொசைட்டி நோட்டீஸை நான்தான் படித்துச் சொல்வேன். வாட்ச்மேன் 'ராம் ராம்' சொன்னால்கூட மாமா என்னைத் திரும்பிப் பார்ப்பார். கட்டடத்தில் வேறு தமிழ் ஆள் இல்லாததால், என் வீட்டு விஷயம் என்னைத் தாண்டி அவர்கள் காதுக்குப் போக வழியே இல்லை. அதை நான் யோசித்துப் பார்த்துத்தான் வைத்திருந்தேன். ஒரு தரம் மாமி என் கழுத்தைப் பார்த்து, "தாலிச் சரடு எங்கேடி?" என்றாள். "டிரெயின்ல போறவளா இருந்தேன் மாமி. அத்துண்டு போயிடுவான்னு லாக்கர்ல வெச்சேன்," என்றேன். "நன்னாயிருக்கு போ! தாலியைக் கொண்டுபோய் பேங்குல பூட்டுவாளா ஒருத்தி!" என்று அரை மணி நேரம் திட்டினாள். ஒரு பொய்க்கு ஒன்பது பொய் என்பார்கள். நான் ஒன்பதைத் தாண்டி எண்ணுவதை விட்டுவிட்டேன்.

மூன்று மணிக்குக் காபி. அது எப்படி வழக்கமானது என்று ஞாபகம் இல்லை. ஒரு நாள் கூப்பிட்டாள், மறுநாளும் கூப்பிட்டாள். அப்புறம் இரண்டரைக்கே நான் முகம் கழுவிப் புடவை மாற்றிக்கொண்டு காத்திருக்க ஆரம்பித்தேன். மூன்று ஐந்துக்குக் கூப்பிட்டால் அந்த ஐந்து நிமிஷமும் கதவுக்குப் பின்னாலேயே நிற்பேன். ஐம்பத்தொன்பது வயசில் ஒரு டம்ளர் காபிக்கு இப்படி ஏங்குகிறோமே என்று வெட்கமாக இருந்தது. ஆனாலும் ஏங்கினேன்.

காபியோடு தினமும் ஒரு விசாரிப்பு. "நேத்து போன் பண்ணினாரா?" "அங்க வெயில் கொளுத்துமாமே, மோர் குடிக்கிறாரா?" முதலில் எனக்குச் சள்ளையாக இருந்தது. 'ம்', 'ஆமா' என்று மென்று விழுங்கினேன். மாமி விடுகிறவள் இல்லை. மாவடு போட்டால் இரண்டு பாட்டிலில் போடுவாள், ஒன்று எனக்கு, ஒன்று 'நாக்பூருக்கு'. வேப்பிலைக்கட்டி, பருப்புப் பொடி, ரிப்பன் பக்கோடா, எல்லாம் நாக்பூருக்கு. "போன வாரம் வந்துட்டு விடிகாலைல கிளம்பிட்டார் மாமி, கொடுத்தனுப்பிட்டேன்" என்பேன். உண்மையில் எல்லாவற்றையும் நானே தின்றேன். திருடித் தின்கிற மாதிரி, சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தின்றேன்.

ஒரு நாள் கேட்டாள்: "பருப்புப் பொடி அவருக்குப் பிடிச்சுதாமா?"

"உப்பு கொஞ்சம் தூக்கல்னார்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. அதை நான் யோசித்துச் சொல்லவில்லை. அவர் அப்படித்தான் சொல்லியிருப்பார். எதைச் சாப்பிட்டாலும் முதல் வாயிலேயே உப்புதான் பார்ப்பார். இருபத்தேழு வருஷம் அந்த ஒரு வார்த்தையால் எனக்கு ரத்தம் கொதித்திருக்கிறது. பத்து வருஷமாக அதை மறந்தே போயிருந்தேன். மாமி முகம் சுருங்கி, "அடுத்த தரம் குறைச்சுடறேன்னு சொல்லு," என்றாள். நான் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன். சிரித்து முடிந்ததும் அழுகை வந்தது.

அன்றிலிருந்து எனக்குத் தைரியம் வந்துவிட்டது. தைரியம் என்ன தைரியம், ஆசை. கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். தூங்கும்போது போர்வையைக் காலில் சுற்றிக்கொள்வார், மழை வந்தால் குடையை எடுத்துக்கொண்டுபோய் எங்காவது வைத்துவிட்டு வருவார், செய்தித்தாளை அவருக்கு முன்னால் யார் பிரித்தாலும் பிடிக்காது. எல்லாம் நிஜம். காலம் மட்டும்தான் பொய். மாமி கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்பாள். மாமா ஊஞ்சல் பலகை மாதிரி முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு, "அடுத்த தரம் வந்தா ரெண்டு நாள் இருக்கச் சொல்லும்மா. ஆம்பளைத் துணைன்னு பேச ஒருத்தர் வேண்டாமா எனக்கு?" என்பார். கண்டிப்பாகச் சொல்கிறேன் என்பேன். சொல்லும்போது, சாயங்காலம் போன் செய்து சொல்லத்தான் போகிறேன் என்று எனக்கே தோன்றும்.

ஆவணி பிறந்ததும் மாமாவுக்கு மூச்சு இரைத்தது. டாக்டர் பார்த்துவிட்டு, இருதயத்தில் ஒரு வால்வை மாற்ற வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்றார். பிள்ளை சிங்கப்பூரிலிருந்து நாள் குறித்தான். மாமி காபி போடும்போது சர்க்கரையை இரண்டு தரம் போட்டாள். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

"அவரை உள்ளே அழைச்சுண்டு போறதுக்கு முன்னாடி ஒரு சுமங்கலிப் பிரார்த்தனை பண்ணிடணும்டி. எங்க ஆத்துல எந்தக் கண்டம் வந்தாலும் அதான் வழக்கம். மஞ்சளும் குங்குமமுமா போன எங்க ஆத்துப் பெண்டுகள் வந்து சாப்பிட்டு ஆசீர்வாதம் பண்ணினா ஒண்ணும் ஆகாது. ஏழு பேர் வேணும். மாட்டுங்காவுல என் ஒண்ணுவிட்ட நாத்தனாரும் அவ ரெண்டு மாட்டுப்பொண்ணும். முலுண்ட்ல மூணு பேர். ஏழாவது நீதான். வெள்ளிக்கிழமை."

நான் என்ன பதில் சொன்னேன் என்று சத்தியமாக ஞாபகம் இல்லை. தலையை ஆட்டியிருப்பேன்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. பொட்டு என் நெற்றியில் மூன்று வயசிலிருந்து இருக்கிறது. அவர் வந்து வைத்ததா என்ன, அவர் போனதும் நான் எடுப்பதற்கு? பதிமூன்றாம் நாள் ஓர் அத்தை என் முகத்தைத் துடைக்க வந்தபோது கையைத் தட்டிவிட்டவள் நான். ஆனால் என் நம்பிக்கையா இங்கே பேச்சு? மாமி நம்புகிறாள். அவள் புருஷன் உயிருக்கு அவள் பிடித்துக்கொண்டிருக்கிற கயிறு அது. நான் போய் அந்த இலையில் உட்கார்ந்தால் அவள் கயிற்றை நானே அறுத்த மாதிரி. ஆபரேஷனில் மாமாவுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் ஆகிவிட்டால்? நம்பாதவளுக்கும் அந்த 'ஆகிவிட்டால்' தூக்கத்தைக் கெடுத்தது.

சரி, சொல்லிவிட வேண்டியதுதானே? சொன்னால் ஏழு மாசப் பொய்யும் மொத்தமாக வெளியே வரும். எதிர்வீட்டுக் கதவு சாத்திக்கொள்ளும். அந்தக் கதவு சாத்திக்கொண்டால் எனக்கு மூன்று மணிக்குப் போக வேறு கதவு இந்த ஊரில் கிடையாது. இதுதான் என் பயம். இதை நல்ல வார்த்தையில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் மாமி வந்தாள். ஒரு கிண்ணத்தில் நல்லெண்ணெய், பொட்டலத்தில் சீயக்காய், ஒரு துண்டு மஞ்சள். அழைத்த சுமங்கலிகளுக்கு முதல் நாளே கொடுக்க வேண்டியது. "கார்த்தால தலைக்கு எண்ணெய் தேச்சு ஸ்நானம் பண்ணிட்டு வந்துடு. பட்டுப் புடவை இருக்கோல்லியோ, ஒன்பது கஜம் நான் தரேன்," என்றாள். நான் இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டேன். வாங்கிய கையை வெட்டிப் போட்டிருக்க வேண்டும்.

மறுநாள் எண்ணெயைத் தொடவில்லை. காலை ஆறரைக்குக் கைப்பையை எடுத்துக்கொண்டு, பூனை மாதிரி கதவைப் பூட்டினேன். கோழை என்று சொல்லுங்கள், சொல்லத்தான் வேண்டும். ஊரையே வாயால் மிரட்டுகிறவள் ஒரு கிழவிக்குப் பயந்து படியிறங்கினேன். கீழே மாமா வாழையிலைக் கட்டோடு நின்றுகொண்டிருந்தார்.

"எங்கம்மா கிளம்பிட்டே?"

"மாமா... அவர் ஆபீஸ் வேலையா பன்வெலுக்கு வந்திருக்காராம். சாயந்தரமே ரயிலாம். உடனே வான்னு போன் பண்ணினார்."

அவர் முகம் விழுந்தது. "இன்னிக்கா? ஏழு ஆறாயிடுமேம்மா." உடனே சமாளித்துக்கொண்டு, "போ, போ. புருஷன் கூப்பிட்டா போகணும். சாப்பிட இங்கேயே அழைச்சுண்டு வாயேன், நானும் பார்த்தேன்னு இருக்கும்," என்றார்.

"நேரம் இருக்காது மாமா."

பன்வெலுக்கே டிக்கெட் எடுத்தேன், ஏதோ அதிலாவது பொய் சொல்லாமல் இருக்கலாம் என்று. கடைசி ஸ்டேஷனில் இறங்கி, ஒரு டீ குடித்து, அதே வண்டியில் திரும்பி ஏறினேன். செம்பூர் வந்தபோது மணி ஒன்பதரைதான். இறங்கவில்லை. சி.எஸ்.டி. வரை போய், திரும்ப பன்வெல், திரும்ப சி.எஸ்.டி. பெண்கள் பெட்டியில் ஆள் ஏறினார்கள், இறங்கினார்கள். கிளிப் விற்கிறவள் மூன்று தரம் என்னைத் தாண்டிப் போனாள். மூன்றாம் தரம், "மௌஸி, கர் நஹி ஜானா?" என்று சிரித்தாள். வீட்டுக்குப் போகவில்லையா என்று கிளிப் விற்கிறவள்கூடக் கேட்கிறாள். பதினொன்றரை மணிக்கு, இப்போது இலை போடுவார்கள் என்று நினைத்தேன். எனக்குப் பசித்தது. அந்தப் பசியின் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

மத்தியானம் மூன்றரைக்குக் குர்லாவில் இறங்கினேன். பத்து வருஷமாக அந்த வழியாகத்தான் போய் வந்திருக்கிறேன், ஆனால் அந்தப் பிளாட்பாரத்தின் நடுவில் உள்ள பெஞ்சுப் பக்கம் போனதில்லை. அன்று போய் உட்கார்ந்தேன். பெஞ்சைப் புதிதாக மாற்றியிருந்தார்கள். ஓர் அம்மாள் குழந்தைக்கு வாழைப்பழம் ஊட்டிக்கொண்டிருந்தாள். ஏழு மாசமாக அவரை நாக்பூரில் வைத்துச் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். அவர் போனது இங்கே. அங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, இனி முடியாது, என்ன ஆனாலும் ஆகட்டும் என்று எழுந்தேன்.

வீடு திரும்ப ஐந்து மணி. பூட்டைத் திறந்து செருப்பைக் கழற்றுவதற்குள் மாமி வந்துவிட்டாள். மடிசார் கலையவில்லை. கையில் பெரிய தட்டு. இலைத் துண்டில் வடை, எள்ளுருண்டை, தூக்கில் பாயசம், வெற்றிலை பாக்கு, ரவிக்கைத் துணி, குங்குமச் சிமிழ். முகம் களைத்துப் போயிருந்தது, ஆனால் மலர்ந்திருந்தது.

"எல்லாம் நன்னா ஆச்சுடி! நீ வரலைன்னதும் கையும் ஓடலை காலும் ஓடலை. மாமாதான் கீழ ஆத்து மராத்திக்காரியைக் கையைக் காலை ஆட்டிக் கூப்பிட்டுண்டு வந்தார். ஒன்பது கஜம்னு அஞ்சு விரலையும் நாலு விரலையும் காட்டியிருக்கார், சமர்த்து, புரிஞ்சுண்டுட்டா. அவாளுக்கும் ஒன்பது கஜம் உண்டாமே! பச்சை வளையலும் மூக்குல நத்துமா வந்து நின்னா பாரு, சாட்சாத் அம்பாள். உன் கதவைக் காட்டி ஏதோ சொன்னா. எனக்கென்ன புரியறது? இன்னும் கொஞ்சம் பாயசம் விட்டேன்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "அது கிடக்கட்டும். அவரைப் பார்த்தியா? எளைச்சிருக்காரா?"

கீழ்வீட்டுக்காரி என் கணவர் உடலைக் கொண்டுவந்த அன்று எங்கள் வீட்டுத் தரையைக் கழுவிவிட்டவள். இன்று இல்லாவிட்டால் நாளை, அவள் சொன்னது மாமிக்கு எப்படியும் புரியத்தான் போகிறது. ஆனால் நான் அதற்காகச் சொல்லவில்லை. 'எளைச்சிருக்காரா' என்று கேட்டாளே, அதற்குப் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"மாமி, என் ஆத்துக்காரர் செத்துப்போய்ப் பதினோரு வருஷம் ஆச்சு."

மாமி தட்டைப் பிடித்தபடியே நின்றாள்.

"நாக்பூர்ல யாரும் இல்லை. வாசல்ல இருக்கிறது அவர் ஷூ. மாவடு, பொடி எல்லாம் நான்தான் தின்னேன். நீங்க பால் காய்ச்ச வந்த அன்னிக்கு வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அப்புறம் நிறுத்த முடியலை. அதான் இன்னிக்கு வரலை. திட்டுங்கோ."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அரை அடி பின்னால் போவாள் என்று அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கால் நகரவில்லை. தட்டு மட்டும் ஆடி, சிமிழ் தூக்கில் இடித்துச் சத்தம் போட்டது. வாங்கி மேஜையில் வைத்தேன். மாமி சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள்.

"தினம் விளக்கேத்தி ரெண்டு பேருக்குன்னா வேண்டிண்டேன்," என்றாள். "எங்க ஆத்துக்காரருக்கும் உன் ஆத்துக்காரருக்கும். தீர்க்காயுசா வெச்சிருன்னு. இன்னிக்குக் கார்த்தால கூட."

அப்புறம் அழ ஆரம்பித்தாள். சும்மா கண்ணைத் துடைத்துக்கொள்கிற அழுகை இல்லை, தோள் குலுங்க, வாய்விட்டு அழுதாள். எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. தெரியாதபோது எனக்கு வருவது கோபம்தான்.

"நீங்க ஏன் மாமி அழறேள்? அழுது முடிச்சு எத்தனை வருஷம் ஆச்சு!"

"உனக்கு முடிஞ்சுதுடி. எனக்கு இன்னிக்குத்தானே போயிருக்கார்."

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எப்படிப் போனார்?" என்று கேட்டாள்.

அவர் போன பதிமூன்று நாளுக்குப் பிறகு அந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. சொன்னேன். அன்றைக்குக் காலையில் கீஸர் ரிப்பேர்காரனுக்கு யார் போன் செய்வது என்று எங்களுக்குச் சண்டை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பாட்டு டப்பாவைக் கையில் கொடுத்தேன். குர்லாவில் வண்டி மாற இறங்கியவருக்கு மார் வலித்திருக்கிறது. பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். யாரோ ஒரு காலேஜ் பெண் தண்ணீர் கொடுத்திருக்கிறாள். அவர் போனிலிருந்து அவள்தான் என்னைக் கூப்பிட்டாள். சண்டை ஞாபகத்தில் நான் முதல் தரம் எடுக்கவில்லை. இரண்டாம் தரம் எடுத்தேன். அதை இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. மாமியிடம் சொன்னேன். அவள் என் முழங்கால் மேல் கையை வைத்துக்கொண்டு கடைசி வரை கேட்டாள்.

எழுந்திருக்கும்போது தட்டைப் பார்த்தாள். தயங்கினாள். வெற்றிலையையும் ரவிக்கைத் துணியையும் குங்குமச் சிமிழையும் எடுத்துக்கொண்டாள். வடையையும் பாயசத்தையும் வைத்துவிட்டாள். எனக்குக் கோபம் வரவில்லை. வலித்தது. வாசல் வரை கூடவே போனேன். வரேன் என்று ஒரு வார்த்தை சொல்வாள் என்று நின்றேன். சொல்லவில்லை. திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். போயே போச்சு என்று நினைத்தேன்.

எங்கள் இரண்டு வீட்டுக் குளியலறைக்கும் நடுவில் ஒரே சந்து. முகம் கழுவப் போனபோது அந்தப் பக்கம் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. சொம்பு சொம்பாகத் தலையில் ஊற்றிக்கொள்கிற சத்தம். சாயங்காலம் ஆறரை மணிக்கு மடிசாரோடு இருந்தவள் எதற்குத் தலைக்கு ஊற்றிக்கொள்கிறாள் என்று ஒரு நிமிஷம் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. துக்கம் கேட்டுவிட்டு வருகிறவர்கள் சொல்லிக்கொண்டு கிளம்ப மாட்டார்கள். வீட்டுக்குப் போனதும் குளிப்பார்கள். மாமி அவருக்காகக் குளித்துக்கொண்டிருந்தாள். குழாயை மூடிவிட்டு, அந்தச் சத்தம் நிற்கும் வரை நின்றேன்.

மாமாவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக ஆயிற்று. மறுபடி விளக்கு அணைக்கக் கிளம்பிவிட்டார், மாமி கத்தக் கத்த. நான் பயந்தது எதுவும் நடக்கவில்லை. மூன்று மணிக்குக் கூப்பிடுகிறாள், போகிறேன். பிள்ளையைப் பற்றிப் பேசுகிறாள், வெண்டைக்காய் விலையைப் பற்றிப் பேசுகிறாள், என் முழங்கால் வலியைக் கேட்கிறாள். என் கணவரைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. என் மனசு நோகக் கூடாது என்றுதான் கேட்பதில்லை, எனக்குத் தெரியும். என்ன சாப்பிட்டார், தூங்கினாரா, இளைத்தாரா என்று என்னைக் கேட்க இப்போது யாரும் இல்லை. டம்ளர் காலியான பிறகும், ஏதாவது கேட்பாளா என்று நான் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கிறேன்.